ஊர்ந்து போவதற்கு ஒரு கணக்கு

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளில் பல, வயதான வண்டிகள். தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில். ஜீப் ஏறும் வழியோ கேரளத்துப் பக்கம். வழி என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். உருண்டு கிடக்கும் கல், மழை அரித்த பள்ளம், நடுநடுவே வளைவுகள். அதில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, எஞ்சினை அலறவிடாமல், மனிதன் நடக்கிற வேகத்தில் அந்த ஜீப்புகள் ஏறிக்கொண்டே இருக்கும். நகரத்து ஷோரூமில் நிற்கும் எஸ்யூவிகளில் பலவற்றுக்கு இவற்றைப் போல இரண்டு மடங்கு குதிரைசக்தி உண்டு. இருந்தும் அதே ஏற்றத்தில் அவை திணறும். கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்ட வேண்டிவரும். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வரும்.

வித்தியாசம் பானெட்டுக்கு அடியில் இல்லை; ஓட்டுநரின் காலடிக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற பல்சக்கரங்களில் இருக்கிறது.

ஆஃப்-ரோடு ஆசை வந்தவர்கள் முதலில் விசாரிப்பது சிசியும் குதிரைசக்தியும். அடுத்த ஆசை பெரிய டயர். அதற்கடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் கிட். ஆக்சில் என்ற பேச்சு ஏதாவது ஒடிந்த பிறகுதான் வரும். உண்மையில் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். கல்லிலும் சரிவிலும் வண்டிக்குத் தேவைப்படுவது, எஞ்சின் அணையாமல் மிக மெதுவாகப் போகிற திறமை. அந்த மெதுவை எந்த இடத்தில் உண்டாக்குவது, அதனால் பெருகும் முறுக்கை எந்த உறுப்பு தாங்குவது, அதை எந்தச் சக்கரத்துக்குக் கொடுப்பது? ஆக்சிலையும் கியர் விகிதத்தையும் பற்றி உலகம் முழுக்க நடக்கிற வாதங்கள் எல்லாம் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

எஞ்சினின் சுழற்சி முதலில் கியர்பாக்ஸுக்குப் போகிறது. ஃபோர்வீல் வண்டியில் அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ்; அங்கேதான் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் வழி பிரிகிறது, ‘லோ’ என்ற கூடுதல் குறைப்பும் அங்கேதான். பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் முனையில், ஆக்சிலின் நடுவே உருண்டையாகப் புடைத்திருக்கும் கூட்டுக்குள், ஒரு சின்னப் பினியனும் ஒரு பெரிய கிரவுனும் பல்லோடு பல் கடித்துக்கொண்டிருக்கும். பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 39 பல் என்றால் 39-ஐ 8-ஆல் வகுத்தால் 4.875, பட்டியலில் 4.88 என்று எழுதுவார்கள். ஷாஃப்ட் 4.88 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. வேகம் அந்த அளவுக்குக் குறைய, முறுக்குவிசை அந்த அளவுக்குக் கூடும். ‘ஆக்சில் ரேஷியோ’ என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

இந்த எண்கள் ஏன் 4, 5 என்று முழுசாக இல்லாமல் 3.73, 4.10, 5.38 என்று ஒட்டும் உதிரியுமாக இருக்கின்றன? 40 பல்லும் 10 பல்லும் வைத்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனில் அதே நான்கு பற்களைத்தான் திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒன்றில் சிறு குறை இருந்தால் அதே இடம் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். 41-ம் 10-ம் வைத்தால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் ஒருமுறை சந்தித்த பிறகுதான் சுற்று திரும்பும். தேய்மானம் பரவலாகிவிடுகிறது. 4.10 இப்படித்தான் வருகிறது.

புதியவரைக் குழப்புகிற இன்னொன்று, எண் பெரிதானால் கியர் ‘லோ’ என்பது. 3.54 நெடுஞ்சாலைக்கு இதமான ஆக்சில், 5.38 மலைக்கு இதமானது. எண் ஏறஏற வண்டி இழுக்கும், ஓடாது.

ஆனால் ஆக்சில் எண்ணை மட்டும் பார்த்து வண்டியை எடைபோடுவது ஏமாற்றம் தரும். பார்க்க வேண்டியது மூன்றின் பெருக்கல்: முதல் கியரின் விகிதம், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம், ஆக்சில் விகிதம். இதை ‘க்ரால் ரேஷியோ’ என்பார்கள். ஊரும் விகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். 1945-இல் வந்த வில்லிஸ் சி.ஜே.-2ஏ ஜீப்பின் ஆக்சில் 5.38. முதல் கியர் 2.798, லோ 2.46. பெருக்கினால் 37. பல பத்தாண்டு கழித்து வந்த 300 டி.டி.ஐ. லேண்ட் ரோவர் டிஃபென்டரின் ஆக்சில் வெறும் 3.54. எண்ணைப் பார்த்தவர் இது நெடுஞ்சாலை வண்டி என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் அதன் முதல் கியர் 3.69, லோ 3.32. மொத்தம் 43-க்கு மேல். ஜீப்பைவிட மெதுவாக ஊரக்கூடியது டிஃபென்டர்தான்.

ஜீப்பின் கணக்கு தொடங்கிய இடம் அமெரிக்க ராணுவத்தின் அவசரம். 1940-இல் இலகுவான ஃபோர்வீல் வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்ட ராணுவம், மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு 49 நாள். பான்டம் என்ற சின்னக் கம்பெனி ஒப்பந்தத்தை எடுத்தது. அந்தக் கெடுவுக்குள் புது ஆக்சில் வடிவமைக்க நேரம் ஏது? ஸ்பைசர் நிறுவனம், ஸ்டூடிபேக்கர் சாம்பியன் என்ற சாதாரணக் காருக்குச் செய்துகொண்டிருந்த ஆக்சிலை மாற்றித் திருத்திக் கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடியச் சற்று முன்னால், வண்டி ராணுவ முகாமின் வாசலில் நின்றது. பின்னாளில் போர்முனைகளில் ஓடிய வில்லிஸ் எம்.பி. ஜீப்பின் ஆக்சில் விகிதம் 4.88, மூன்றே கியர் உள்ள பெட்டி, லோ 1.97. மொத்தம் 25-ஐ ஒட்டி. 60 குதிரைசக்தி எஞ்சினை வைத்துக்கொண்டு அது செய்ததெல்லாம் இந்த 25-ஐ நம்பித்தான். ஸ்பைசரின் தாய் நிறுவனம் டானா. ‘டானா 44’, ‘டானா 60’ என்று ஆஃப்-ரோடு ஆட்கள் மந்திரம் போலச் சொல்வது இந்தக் குடும்பத்து ஆக்சில்களைத்தான். 44, 60 என்பவை அங்குலமோ பல்லோ அல்ல, வெறும் மாதிரி எண்கள். ஆனாலும் எண் ஏறினால் பெரும்பாலும் ஆக்சிலும் தடிக்கும். டானா 60-இன் கிரவுன் முக்கால் அடிக்கும் மேல் அகலம்.

இன்றைய வண்டி ஒன்றை எடுத்து எண்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மாருதி சுசுகி ஜிம்னி, மேனுவல். முதல் கியர் 4.425, லோ 2.002, ஆக்சில் 4.090. பெருக்கினால் 36.2. டயர் 195/80 ஆர்15. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.18 மீட்டர் உருளும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடினால், சக்கரம் நிமிடத்துக்கு 27 சுற்றுக்குச் சற்று மேல். வண்டி மணிக்கு 3.6 கிலோமீட்டர். ‘லோ’ போடாமல் முதல் கியரிலேயே போனால் இதே எஞ்சின் வேகத்தில் 7.2 கிலோமீட்டர். கல்லுக்கு நடுவே அந்த இரண்டு மடங்கு வேகம் என்பது, சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து வைப்பதற்கும் மோதிவிட்டுப் பிறகு பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. இழுவைதான் எல்லாம் என்று நினைப்பவர்கள் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஜிம்னி எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 134 நியூட்டன் மீட்டர். உரசல் இழப்பை விட்டுவிட்டு 36.2-ஆல் பெருக்கினால் சக்கரங்களுக்கு மொத்தமாக 4,850 வரை போகும். ஆள் ஏறாத வண்டியின் எடை சுமார் 1,200 கிலோ. நல்ல காய்ந்த தரையில், பிடிமானம் கிட்டத்தட்ட முழுமையாக இருக்கிறது என்று வைத்தாலும், அந்த எடைக்கு நான்கு டயரும் சேர்ந்து தாங்குவது 4,100-ஐ ஒட்டித்தான். அதற்கு மேல் கொடுத்தால் டயர் வழுக்கிச் சுழலும். ஆக 36 என்ற விகிதத்திலேயே இந்த வண்டி, தன் டயர் தாங்குவதைவிட அதிகமாக இழுக்க வல்லது. சேற்றிலும் ஈரக் கல்லிலும் பிடிமானம் இன்னும் குறைவு. அப்படியானால் விகிதத்தை மேலும் கூட்டுவது எதற்கு? குறைந்த எஞ்சின் வேகத்திலேயே போதிய முறுக்கு கிடைப்பதற்கு. இன்னும் மெதுவாகப் போவதற்கு. இறக்கத்தில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். பிரேக்கில் கால் வைக்காமலே எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கும்.

இந்த மெதுவுக்கான பந்தயம் அமெரிக்காவில் உச்சத்துக்குப் போயிருக்கிறது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் என்றொரு பாறைத் தடம். அதன் பெயரிலேயே 2003-இல் ஒரு ஜீப் ராங்ளர் வந்தது. முன்னும் பின்னும் டானா 44, ஆக்சில் 4.10, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 4.0. இப்போதைய ரூபிகான் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் 77.2; மேனுவலில் 84.2. ஃபோர்ட் ப்ராங்கோ மேனுவலில் ஊர்வதற்கென்றே ஒரு தனிக் கியர் வைத்து 94.75 என்று போட்டது. ஜீப் விடவில்லை, 35 அங்குல டயரோடு 4.88 ஆக்சில் வைத்து 100-ஐத் தொட்டது. 77 என்ற விகிதத்தில், 1,000 சுற்றில், ரூபிகான் மணிக்கு சுமார் 2 கிலோமீட்டர் போகும். தவழும் குழந்தை முந்திவிடும்.

100 வேண்டுமா என்பது வேறு கேள்வி. பெரிய பாறைகளின் மேல் ஏறி இறங்குகிறவருக்கு அது வரம். நம் ஊர் ஆட்களுக்கு வாய்க்கிற தடங்கள் பெரும்பாலும் சேறு, மணல், தோட்டச் சாலை. மணலில் வேகத்தை இழந்தால் வண்டி உட்கார்ந்துவிடும். சேற்றில் டயரின் பள்ளங்களில் அப்பிய மண் தெறித்து வெளியேற சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். அங்கெல்லாம் மிக ஆழமான விகிதம் காலைக் கட்டிப்போடும். 35-லிருந்து 50 வரை உள்ள விகிதம் இந்திய நிலைமைக்குத் தாராளம் என்பதே நியாயமான மதிப்பீடு. ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்னும் குறைவாகவும் சமாளிக்கலாம். டார்க் கன்வெர்ட்டர் கிளம்பும் நேரத்தில் முறுக்கை இரண்டு மடங்கை ஒட்டிப் பெருக்கிக் கொடுக்கும். பட்டியலில் அந்தப் பெருக்கல் கணக்கில் வராது.

இனி டயர். புதியவர் தன் வண்டியின் கியர் விகிதத்தைத் தனக்கே தெரியாமல் கெடுத்துக்கொள்ளும் இடம் இதுதான். 29 அங்குல டயரோடு வந்த வண்டியில் 33 அங்குல டயரை மாட்டுகிறார். ஆக்சில் 4.10. சக்கரம் பெரிதானதால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகிறது. விளைவில் அது 3.60 ஆக்சில் போட்ட வண்டி மாதிரி நடந்துகொள்ளும். ‘பிக்கப் போச்சு, ஐந்தாவது கியர் ஏறவே மாட்டேங்குது’ என்று மெக்கானிக்கிடம் போய் நிற்பார். எஞ்சினில் ஒரு கோளாறும் இருக்காது. பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் ஆக்சில் 4.67 ஆக வேண்டும்; கடையில் கிடைக்கும் பக்கத்து எண்கள் 4.56, 4.88. பெரிய டயரின் கூடுதல் எடையையும் நினைத்து 4.88-க்குப் போகிறவர்களே அதிகம். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்: முள் 60-இல் நிற்கும், வண்டி 68-இல் போகும்.

பிறகு ஏன் பெரிய டயர் மாட்டுகிறார்கள் என்றால், அதற்கும் நல்ல காரணம் உண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தும் லிஃப்ட் கிட், உடலையும் சேஸிஸையும் மட்டுமே தூக்குகிறது. இரு சக்கரத்தையும் ஒரே குழாய் இணைக்கும் முழு ஆக்சில் வண்டியில் நடுவே தொங்கும் கூடு, தரையிலிருந்து முன்பு எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் இருக்கும். அதைத் தூக்கச் சாதாரண வழி டயர் ஒன்றே. அதிலும் 4 அங்குலம் கூடிய டயர் 2 அங்குலம்தான் தூக்கும்.

குறைப்பை எங்கே வைப்பது என்ற கேள்வி பொறியியலின் சுவையான பகுதி. ஆக்சில் விகிதத்தைக் கூட்டினால் கியர்பாக்ஸ், ஷாஃப்ட் எல்லாம் பழைய முறுக்கையே சுமக்கும். கடைசிக் கட்டத்தில்தான் பெருகும். அதற்கு விலை, வண்டி எப்போதும் அப்படியே இருக்கும்; நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தும், டீசல் குடிக்கும். தவிர, அதே கூட்டுக்குள் விகிதத்தைக் கூட்ட ஒரே வழி பினியனைச் சிறிதாக்குவது. 3.73-இல் பினியனுக்கு 11 பல், 4.88-இல் 8. தலை சிறுத்த பினியனில் ஒரே நேரத்தில் கடிக்கிற பற்களும் குறைவு, பலமும் குறைவு. மாறாக டிரான்ஸ்ஃபர் கேஸின் லோவை மட்டும் ஆழமாக்கினால் சாலை ஓட்டத்துக்கு ஒரு பங்கமும் வராது. நெம்புகோலைத் தள்ளும்போது மட்டும் வேலை செய்யும். ஆனால் அங்கே பெருகிய முறுக்கை அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனையும் தாங்க வேண்டும்.

மாருதி ஜிப்ஸியின் கதை இதற்கு நல்ல பாடம். 1985-இன் கடைசியில் இந்தியாவுக்கு வந்து 2019 வரை தயாரான வண்டி. 1.3 லிட்டர் ஜிப்ஸியின் உடன்பிறப்பு அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்றது: முதல் கியர் 3.652, லோ 2.268, ஆக்சில் 3.73, மொத்தம் 31-க்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்க ஆர்வலர்கள் ஆக்சிலைத் தொடாமல் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் 6.5 வரை உள்ள லோ பல்சக்கரங்களைப் போட்டார்கள். 31 என்பது 88 ஆனது. விலை உயர்ந்த ரூபிகானுக்குச் சமம். அடுத்து என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். ஸ்டியரிங் முழுக்க ஒடித்த நிலையில் பாறையில் ஏறும்போது, முன் ஆக்சிலின் முனையில் இருக்கும் பர்ஃபீல்ட் ஜாயின்ட் படாரென்று உடையும். சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பெருக்கினாலும் அடுத்த மெலிந்த கண்ணி எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாவிட்டால் இதுதான் கதி.

மூன்றாவது வழி, குறைப்பின் ஒரு பகுதியைச் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே வைப்பது. ராணுவ ஹம்வியும் அதிலிருந்து வந்த ஹம்மர் எச்1-ம் இப்படித்தான். ஆக்சில் விகிதம் 2.73 மட்டுமே, சக்கரக் குடத்தில் 1.92 என்று ஒரு பல்சக்கர ஜோடி. இரண்டும் சேர்ந்து 5.24. பெருகிய முறுக்கு கடைசி அரை அடியில் மட்டுமே இருப்பதால் நடுவே வரும் ஷாஃப்டுகள் இலகுவாக இருக்கலாம். ஆக்சில் சக்கர மையத்தைவிட உயரத்தில் நிற்பதால் தரை இடைவெளி 16 அங்குலம். ஜிம்னியின் 210 மில்லிமீட்டரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஜெர்மனியின் உனிமோக், வயலில் உழவும் சாலையில் ஓடவும் பிறந்த வண்டி. அதற்குத் தொடக்கத்திலிருந்தே இந்த வகை ‘போர்ட்டல்’ ஆக்சில்தான். நாற்று வரிசைக்கு மேலே அலுங்காமல் போக அந்த உயரம் தேவைப்பட்டது.

முழு ஆக்சிலா, தனித்தனியாக அசையும் சக்கரமா என்ற சண்டை ஓயவில்லை. முழு ஆக்சிலில் ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் மறு சக்கரம் கீழே அழுத்தப்படும். இரண்டும் தரையைப் பிடித்திருக்கும். கூட்டின் தரை இடைவெளி எந்த நிலையிலும் மாறாது. உடைந்தாலும் காட்டிலேயே தட்டிக்கொட்டிச் சரிசெய்யலாம். தனித்தனி அமைப்பில் சாலை ஓட்டம் சுகம், ஸ்டியரிங் துல்லியம். ஆனால் வண்டி குலுங்கித் தாழும்போது நடு வயிறும் தாழ்ந்துவிடும். 2019-இல் அறிமுகமான புதிய டிஃபென்டர் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி அமைப்புக்கு மாறியது. பழைய டிஃபென்டரின் நினைவில் உருவான இனியோஸ் கிரெனடியரோ இத்தாலியின் கராரோ செய்யும் முழு ஆக்சிலை இரு பக்கமும் போட்டது. இந்திய வண்டிகளில் தாருக்கும் இன்றைய ஃபோர்ஸ் கூர்க்காவுக்கும் முன்னால் தனித்தனி, பின்னால் முழு ஆக்சில். ஜிப்ஸிக்கும் ஜிம்னிக்கும் இரண்டும் முழுசு. கொழுக்குமலை மாதிரி வழியில் பிந்திய இரண்டுக்கும் ஒரு சாண் சாதகம் உண்டு. திண்டுக்கல் நெடுஞ்சாலையில் அதே சாதகம் இடுப்பு வலியாகத் திரும்பும்.

ஆக்சில் தண்டு எதைச் சுமக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரணக் கார்களின் பின் ஆக்சிலில் தண்டு சுழலவும் வேண்டும், வண்டியின் எடையையும் தாங்க வேண்டும். ஒடிந்தால் சக்கரம் கழன்று ஓடிவிடும். லாரிகளில் இருக்கும் ‘ஃபுல் ஃப்ளோட்டிங்’ அமைப்பில் எடையைக் குடத்தின் பேரிங்குகள் தாங்கும். தண்டுக்கு முறுக்கு மட்டுமே வேலை. ஒடிந்த தண்டை உருவி எறிந்துவிட்டு, முன் ஆக்சிலின் இழுவையில் வண்டியை வீடு சேர்க்கலாம். போர்க்கால ஜீப்புக்கு இது இருந்தது. ரூபிகானின் பின் ஆக்சிலுக்கு 2024 மாடலில்தான் வந்தது.

அடுத்தது டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. 1827-லேயே பிரான்ஸின் பெக்கர் இதற்கு வழி கண்டார். இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றலாம். ஆனால் இரண்டுக்கும் போகும் முறுக்கு எப்போதும் சமம். நுகத்தடியின் நடுவில் ஏர் கட்டியிருக்கும்போது ஒரு மாடு தளர்ந்து நின்றுவிட்டால், மற்ற மாடு எவ்வளவு திமிறினாலும் நுகம்தான் திரும்பும், ஏர் நகராது. அதேதான் இங்கேயும். ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுற்ற ஒரு முறுக்கும் தேவையில்லை. ஆகவே தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் ஒன்றும் போகாது. ஃபோர்வீல் வண்டி என்று நம்பி ஏறியவர், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் குறுக்காகத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது ‘நாலும் சுத்தணுமே’ என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

இதற்குத் தீர்வு லாக். இந்திய வண்டிகளே மூன்று விதமான பதில் வைத்திருக்கின்றன. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலையும் ஓட்டுநரே பூட்டலாம். பூட்டினால் இரு பக்கமும் ஒரே தண்டு மாதிரி. 2020-இல் வந்த தாரில் பின்னால் மெக்கானிக்கல் லாக். இரு சக்கரத்தின் வேக வித்தியாசம் நிமிடத்துக்கு 100 சுற்றை ஒட்டி வந்ததும் தானாகவே கடித்துக்கொள்ளும். ஜிம்னியில் பூட்டே கிடையாது. வெறுமனே சுற்றுகிற சக்கரத்தை பிரேக் பிடித்து, முறுக்கை மறுபக்கம் திருப்பும் மின்னணு ஏற்பாடு. மூன்றில் எது மேல்? முன்கூட்டியே பூட்டிக்கொண்டு மெதுவாக ஏறுவதற்குக் கூர்க்கா. கவனிக்காமல் ஓட்டுகிறவருக்குத் தார். இலகுவான எடையும் சாலைப் பயன்பாடும் முக்கியம் என்றால் ஜிம்னி. பிரேக் ஏற்பாடு வேலை செய்ய சக்கரம் முதலில் வழுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. முன் லாக்கைப் போட்டால் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். நேராக ஏற வேண்டிய இடத்துக்கு மட்டும்தான் அது.

நடு டிஃபரன்ஷியல் இல்லாத ஃபோர்வீல் வண்டியைத் தார்ச்சாலையில் ஃபோர்வீலில் ஓட்டக் கூடாது என்பதும் இதே கணக்கின் கிளைதான். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போகும். இரண்டு ஷாஃப்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசம் முறுக்காகச் சேரும். மண்ணில் டயர் வழுக்கி அதைத் தீர்த்துவிடும். தார்ச்சாலையில் பல்சக்கரம்தான் பலியாகும்.

ஆக்சில் விகிதத்தை மாற்றுவது டயர் மாற்றுவது போன்ற வேலை இல்லை. கூட்டைத் திறந்து, கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்று உரசிப் பழக்கப்பட்ட ஜோடி அது. பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதை மெல்லிய ஷிம் தகடுகள் முடிவு செய்யும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, பெரும்பாலான ஆக்சில்களில் ஒரு மில்லிமீட்டரின் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியது. டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க முடியும். பற்களில் மஞ்சள் பசை தடவிக் கையால் சுற்றி, கடித்த தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, நுனியில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். தடம் நுனிக்குப் போனால் மறுபடி கழற்றி ஷிம் மாற்ற வேண்டும். அவசரத்தில் பூட்டிக் கொடுத்த ஆக்சில், வேகம் பிடித்ததும் ஊளையிடும்; அந்தச் சத்தம் தானாகப் போகாது. இதையே முன் ஆக்சிலுக்கும் செய்தாக வேண்டும், பின்னால் 4.88, முன்னால் 4.10 என்று விட்டால் ஃபோர்வீல் போட்ட மறுகணம் இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துச் சண்டை போடும். செலவு இரட்டிப்பு.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. ஆகவே இந்தியாவில் புதியவருக்கு உகந்த வழி, சரியான விகிதத்தோடு பிறந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது. அதற்குப் பிறகும் பணம் செலவழிக்க ஆசை இருந்தால் முதலில் ஒரு டயர் பிரஷர் கேஜும் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் வாங்கலாம். தடத்தில் இறங்குமுன் காற்றைக் குறைத்தால் கிடைக்கும் பிடிமானம், பல லட்ச ரூபாய் மாற்றங்கள் தருவதைவிடப் பல நேரம் அதிகம். ஆற்றில் இறங்கி ஏறிய பிறகு ஆக்சில் ஆயிலைத் திறந்து பார்ப்பதும் அவசியம். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான கூடு குளிர்ந்து மூச்சிழுக்கும்போது சேறடைத்த பிரீதர் குழாயால் வரும் வினை.

மின்சார வண்டிகள் இந்த ஏற்பாட்டையே கலைக்கப் பார்க்கின்றன. 2024-இல் வந்த மின்சார மெர்சிடிஸ் ஜி வண்டியில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார். டிஃபரன்ஷியல் கிடையாது, பூட்டும் கிடையாது. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்பதைக் கணினி முடிவு செய்கிறது. நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கைத் தரும் மோட்டாருக்கு லோ கியர் எதற்கு என்று தோன்றும். இருந்தும் ஒவ்வொரு மோட்டாரோடும் இரண்டு வேகக் கியர்பெட்டி ஒன்றை வைத்து, அதில் ‘லோ’வை விடாமல் சேர்த்திருக்கிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் ஊர வேண்டியிருந்தால், குறைப்பு இல்லாத மோட்டார் சூடாகித் தவிக்கும்.

பழைய ஜீப்பையோ ஜிப்ஸியையோ வாங்கப் போகிறவர், விற்பவர் சொல்லும் விகிதத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலை உறுதியான ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் டயரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறது என்பதுதான் விகிதம். நான்கும் ஒரு சிறு துண்டும் என்றால் 4.10; ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 4.88, ஐந்தரையை எட்டாமல் நின்றால் 5.38. ஆள் துணை இல்லையென்றால் ஒரு சக்கரத்தை அசையாமல் கட்டிவிட்டு மற்றதை இரண்டு சுற்றுச் சுற்றினாலும் அதே விடை வரும். கிரவுன் எப்போதும் இரு சக்கரத்தின் சராசரியில்தான் சுற்றும். பிறகு இதையே முன் ஆக்சிலுக்கும் செய்ய வேண்டும். பல கை மாறிய ஜீப்பில், எப்போதோ ஒடிந்த ஆக்சிலுக்குப் பதில் வேறு ஜீப்பின் ஆக்சில் மாட்டப்பட்டு, முன்னால் 5.38-ம் பின்னால் 4.88-மாக நிற்க வாய்ப்புண்டு. விற்றவர் ஃபோர்வீல் நெம்புகோலைத் தொட்டே பல வருடம் ஆகியிருக்கும். விலை பேசுவது இந்த இரண்டு எண்களும் ஒத்துவந்த பிறகுதான்.